பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

எமது தமையனாரின் மகன் சென்ற மாதம் ஜேர்மனியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாட் காலை, நாம் விறாந்தையிற் பத்திரிகையும் கையுமாக அமர்ந்திருந்த வேளையில் அருகே வந்து, தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கத்தக்க ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் 6 என்ற இலக்கம் பெரிய வெள்ளை எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

“சித்தப்பா, இந்தப் பற்றரியிலை எத்தினை அம்பியர்-மணி இருக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“ஆறு” என்றோம். எழுதியிருப்பதை வாசிக்க நமக்குத் தெரியாதா?

“நானும் அப்பிடித்தான் வாசிச்சனான். அதாலைதான் என்ரை சிநேகிதன் இரண்டு மணித்தியாலம் இருட்டிலை கல்லுக்கு மேலை கிடந்தவன்” என்றான்.

பத்திரிகையை மடித்து வைத்துவிட்டோம்.

அவன் கூறிய வரலாற்றைச் சொல்லுமுன், எண்டியூரோ என்னும் சொல்லை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தை. இஃது ஒரு பந்தயத் திடலில் வட்டமிட்டோடும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டமன்று. காடு, மலைச்சரிவு, ஆற்றுப்படுகை, கற்குவியல் எனப் பாதையே இல்லாத இடங்களில் ஆளையும் இயந்திரத்தையும் ஒருங்கே சோதிக்கும் ஓட்டம். 1913 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கார்லைல் நகரில் ‘ஆறு நாட் சோதனை’யாகத் தொடங்கிய அனைத்துலகப் போட்டியே 1981 முதல் ‘ஆறு நாள் எண்டியூரோ’ என அழைக்கப்படுகின்றது. ஒஸ்திரியா நாட்டில் எர்ஸ்பேர்க் என்று ஓர் இரும்பு மலை உண்டு. தாதுவுக்காகப் படிப்படியாக வெட்டப்பட்டு, பெரியதொரு படிக்கட்டுப் போலக் காட்சியளிக்கும் திறந்த சுரங்கம் அது. 1995 ஆம் ஆண்டு முதல் அம்மலையில் நடந்துவரும் ஓட்டத்தின் இறுதிக் கட்டத்திற்கு 500 பேர் தெரிவாவர். அவர்களுக்குக் கொடுக்கப்படும் அவகாசம் நான்கு மணித்தியாலம். முடிவிடத்தைக் காண்பவரோ மிகச் சிலர். 2015 ஆம் ஆண்டில் முன்னணியிற் சென்ற நால்வரும், இங்கிலாந்தரான ஜார்விஸ், வோக்கர், ஜேர்மானியரான லெற்றன்பிக்லர், ஸ்பானியரான கோமெஸ் ஆகியோர், செங்குத்தான ஒரு காட்டுச் சரிவில் எவரும் தனித்து ஏற முடியாமல் அகப்பட்டுக்கொண்டனர். ஒருவர் இயந்திரத்தை மற்றவர் இழுத்தும் தள்ளியும் மேலேற்றி, நால்வரும் ஒன்றாகவே வந்து சேர்ந்தனர். நால்வருமே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டனர்.

இத்தகைய நிலத்தில் எஞ்சின் நின்றுபோவது இயல்பேயன்றி ஓட்டுபவரின் குற்றமன்று. ஒரு கற்சரிவில் பத்துத் தடவை நிற்கும். பத்துத் தடவையும் மீண்டும் கிளப்ப வேண்டும். முற்காலத்தில் இதனைக் காலால் உதைத்துச் செய்தார்கள். இப்பொழுது பல எண்டியூரோ இயந்திரங்களில் உதைக்கும் நெம்பே கிடையாது. பொத்தானை அழுத்துவது ஒன்றே வழி. அப்பொத்தானின் பின்னாலிருப்பது பற்றரி. அந்தப் பற்றரிகளும், கனமான ஈய அமிலப் பற்றரிகளாக இருந்த நிலை மாறி, இலிதியம் பற்றரிகளாகி வருகின்றன. ஐரோப்பியக் கம்பனிகள் சில தொழிற்சாலையிலேயே இலிதியத்தைப் பொருத்தி விற்கின்றன.

இனி நமது பையனின் கதைக்கு வருவோம். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமையொன்றில் அவனும் ஒரு சிநேகிதனும், கைவிடப்பட்டு இப்பொழுது ஓட்டுநர்களுக்காகத் திறந்துவிடப்பட்டுள்ள ஒரு பழைய கல்லுடைக்கும் பள்ளத்திற்குச் சென்றிருக்கிறார்கள். பற்றரி புதியது, இருக்கிறவற்றுள் மிகச் சிறியதும் மிக இலேசானதுமாகப் பார்த்து வாங்கியது. எனினும் முன்னெச்சரிக்கையாக முதல் நாள் ஒரு கடையிற் காட்டியிருக்கிறான். கடைக்காரர் மீற்றரை வைத்துப் பார்த்தார். 12.8 வோல்ற்று. “முதற்தரம், கவலைப்படாதே” என்று தோளிலே தட்டி அனுப்பிவிட்டார்.

அந்நாட்டில் அம்மாதத்தில் மாலை நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். மூன்றரை மணியளவில், உயர்ந்ததொரு கற்சரிவில் இருவரும் பலமுறை ஏறி, பலமுறை நின்று, பலமுறை கிளப்பிக்கொண்டிருந்தபோது சிநேகிதன் சறுக்கி விழுந்தான். காறையெலும்பு முறிந்துவிட்டது. அவனுடைய இயந்திரம் கைபிடி வளைந்து இரு பாறைகளுக்கிடையில் இறுகிக்கொண்டது. பள்ளத்தினுள் தொலைபேசி வேலை செய்யவில்லை. நமது பையன் வாயிற்கதவு வரை சென்று ஆட்களை அழைத்துவர வேண்டும். ஐந்து நிமிட ஓட்டந்தான். பொத்தானை அழுத்தினான். ‘டிக்’ என்று ஓர் ஒலி. மறுமுறை அழுத்தினான். அந்த ஒலியும் இல்லை. முன்னாலிருந்த சிறு விளக்கும் அணைந்துபோயிற்று. சரிவில் உருட்டிக் கிளப்ப முயன்றான். எரிபொருளைப் பம்பினால் உட்செலுத்தும் இயந்திரமாதலால், பம்புக்கு மின்சாரமில்லாமல் அதுவும் பலிக்கவில்லை. முழங்கால் வரை உயர்ந்த அந்தப் பாரமான சப்பாத்துடன் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நடந்தே வாயிலை அடைந்தானாம். ஆட்கள் விளக்குடன் வந்து சேர்ந்தபொழுது சிநேகிதன் குளிரிற் பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தான். எலும்பு பின்னர் பொருந்திவிட்டது. பையனின் மனம் அவ்வளவு விரைவிற் பொருந்தவில்லை என்பதை அவன் சொல்லிய விதத்திலேயே கண்டோம்.

இதில் ஏமாற்றியவர் யார்? பற்றரி செய்தவர் பொய் எழுதவில்லை. கடைக்காரரின் மீற்றரும் பொய் காட்டவில்லை. இரண்டு எண்கள், இரண்டும் உண்மையானவை, இரண்டும் பிழையாக வாசிக்கப்பட்டன. அந்த வாசிப்பைக் கற்றுக்கொள்வதே இப்பற்றரியைத் தெரிவுசெய்வதில் முக்காற் பங்கு என்பது எமது எண்ணம்.

ஈய அமிலப் பற்றரியை 1859 ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்துப் பிளாந்தே ஆக்கினார். இலிதியம் அயன் பற்றரியோ நேற்றுப் பிறந்த குழந்தை. 1970 களில் விற்றிங்காம் இட்ட வித்தை, 1980 இல் குடினவ் கோபால்ற்று ஒட்சைட்டினால் வளர்த்தார். 1985 இல் யப்பானியரான யோஷினோ அதனைப் பயன்படுத்தத்தக்க வடிவமாக்கினார். 1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது குடினவுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றவர்களுள் அந்த வயதில் வேறெவரும் இலர். பரீட்சையில் ஒரு முறை தவறியவுடன் மனமுடையும் மாணவ நேயர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

மோட்டார்ச் சைக்கிளைக் கிளப்புவதற்கென விற்கப்படும் இலிதியம் பற்றரிகள் பெரும்பாலும் கைத்தொலைபேசியிலுள்ள வகையைச் சேர்ந்தவையல்ல. குடினவும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1990 களில் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்திற் கண்ட இலிதியம் இரும்புப் பொஸ்பேற்று என்னும் பொருளால் ஆனவை. அதில் ஒட்சிசன் பொஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதிற் பிரிந்து தீக்குத் துணை போவதில்லை. கோபால்ற்று வகையிலும் இது பாதுகாப்பானது என்பதற்குக் காரணம் இதுவே. ஒரு கலம் 3.2 வோல்ற்று, நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் 12.8.

முதலாவது எண்ணைப் பார்ப்போம். முகப்பிலிருந்த அந்தப் பெரிய 6 எதனைக் குறித்தது? அதனருகே, மிகச் சிறிய எழுத்தில், ‘ஈயத்துக்குச் சமம்’ என்ற கருத்துள்ள ஒரு குறிப்பு இருந்தது. எஞ்சினைக் கிளப்பும் அந்த ஒரு கணத்தில் 6 அம்பியர்-மணி ஈயப் பற்றரி காட்டும் வலிமையை இதுவும் காட்டும் என்பதே அதன் பொருள். அது மெய்தான். ஈயப் பற்றரியிலிருந்து மிகுந்த மின்னோட்டத்தை ஒரேயடியாக எடுத்தால் அது சோர்ந்துவிடும். இலிதியம் அவ்வாறு சோர்வதில்லை. ஆனால் வலிமை வேறு, சேமிப்பு வேறு. பெரும் பயில்வானாயினும் மடியிலிருக்கும் பணம் இரண்டு ரூபாவானால் இரண்டு ரூபாவுக்குத்தான் சாமான் வாங்கலாம். நமது பையனின் பற்றரியில் உண்மையிலே சேமிக்கத்தக்க அளவு 2 அம்பியர்-மணி மாத்திரமே.

இரண்டுக்கும் ஆறுக்குமுள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கினாற் காட்டுவோம். ஸ்டார்ட்டர் மோட்டார் 60 அம்பியர் வீதம் 3 செக்கன் இழுப்பதாகக் கொள்வோம். அது 180 அம்பியர்-செக்கன். ஒரு அம்பியர்-மணி என்பது 3,600 அம்பியர்-செக்கன். ஆகவே ஒரு தடவை கிளப்புவதற்கு அதில் இருபதிலொரு பங்கு செலவாகிறது. 2 அம்பியர்-மணிப் பற்றரி நிறைந்திருந்தால் 40 தடவை. 6 ஆக இருந்திருந்தால் 120 தடவை. இது காகிதக் கணக்கு. குளிரில், வயோதிபத்தில், இறுகிய எஞ்சினில் இவை யாவும் குறையும். பற்றரியிலிருந்து எரியும் ஒரு 35 வாற்று விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். எஞ்சின் நின்றபின் விளக்கை அணைக்காமல் இருபது நிமிடம் நின்று இளைப்பாறினால் ஒரு அம்பியர்-மணி போய்விடும். நாற்பதில் இருபது அங்கேயே தீர்ந்தது. எஞ்சின் ஓடும்போது மீண்டும் மின்னேறுமே எனக் கேட்கலாம். ஏறும், ஆனால் கற்சரிவில் மெதுவாக உறுமிக்கொண்டு நகரும் எஞ்சின் தரும் மின் சொற்பம். சமதரையில் வேகமாக ஓடுகிறவனுக்குக் கிடைப்பது சரிவிற் போராடுகிறவனுக்குக் கிடைப்பதில்லை.

அப்படியாயின் உண்மை அளவை அறிவதெப்படி? இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இப்பற்றரிகள் வான்வழியே அனுப்பப்படுவதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின்படி, அவற்றின் மேலுறையில் சக்தியின் அளவை வாற்று-மணியிற் பொறிக்க வேண்டும். பக்கவாட்டிலோ அடியிலோ, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்தில் அது இருக்கும். அந்த எண்ணை 12.8 ஆற் பிரித்தால் வருவதே மெய்யான அம்பியர்-மணி. பையனின் பற்றரியின் அடியில் 25.6 என்று இருந்தது. பிரித்துப் பாருங்கள், இரண்டு. பெரிய எழுத்து விற்பனைக்காக எழுதியது, சிறிய எழுத்து சட்டத்துக்காக எழுதியது. எக்காலமும் சிறிய எழுத்தையே நம்புக எனச் சொல்ல மாட்டோம், இவ்விடத்தில் நம்பலாம்.

இரண்டாவது எண் கடைக்காரரின் 12.8. ஈயப் பற்றரியொன்று ஓய்ந்திருக்கும்பொழுது 12.7 அல்லது 12.8 காட்டினால் அது நிறைந்திருக்கிறது என்பது மெத்தச் சரி. தலைமுறை தலைமுறையாகக் கராஜுகளில் இந்த எண்ணே மனப்பாடம். இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரியோ நிறைந்து ஓய்ந்திருக்கும்போது 13.3 அளவிற் காட்டும். பாதியாகும் வரையும் 13 க்கு மேலேயே நின்று, கடைசியில்தான் விரைந்து இறங்கும். அது ஓய்வு நிலையில் 12.8 காட்டினால் உள்ளே இருப்பது ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. பெயரளவில் 12.8 என்று அதன் மேலேயே எழுதியிருப்பது இந்த மயக்கத்தை இன்னுங் கூட்டுகிறது; அது வேலை செய்யும்போது காட்டும் சராசரியேயன்றி நிறைவின் அடையாளமன்று. ஆக, ஆறு என்று எண்ணிய பற்றரியில் இரண்டே இருந்தது. அந்த இரண்டிலும் ஐந்திலொரு பங்குகூட இல்லாமல் அவன் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறான்.

வாங்குமுன் இயந்திரத்தையும் சோதிக்க வேண்டும். எஞ்சினை வேகமாக ஓடவிட்டுப் பற்றரியின் முனைகளில் மீற்றரை வைத்தால் ஏறத்தாழ 14 இலிருந்து 14.6 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். பழைய இயந்திரங்களில் ரெகுலேற்றர் பழுதடைந்து 15 க்கு மேல் ஏறுவதுண்டு. ஈயப் பற்றரி அதனைச் சில காலம் கொதித்தும் ஆவியாகியும் பொறுத்துக்கொள்ளும், இலிதியம் பொறுக்காது. முதலில் ரெகுலேற்றரை மாற்றிவிட்டுப் பிறகே இலிதியத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். வீட்டிலுள்ள பழைய மின்னேற்றியையும் இதற்கு இணைத்துவிடக் கூடாது. ஈயத்தகட்டிற் படிந்த சல்பேற்றைக் கரைக்கவென உயர்ந்த வோல்ற்றளவில் துடிப்புத் துடிப்பாக மின்னைச் செலுத்தும் ஏற்பாடு அவற்றுட் சிலவற்றில் உண்டு. அது இலிதியத்தின் உள்ளேயுள்ள காவற் சுற்றைக் கெடுத்துவிடும். இலிதியத்துக்கெனச் செய்யப்பட்ட மின்னேற்றியின் விலையையும் பற்றரியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அந்தக் காவற் சுற்றைப் பற்றியும் கேட்டு வாங்குவது நன்று. மின் மிகவும் இறங்கும்போது அது இணைப்பைத் துண்டித்துக் கலங்களைக் காப்பாற்றும். பள்ளத்தில் விளக்கு முற்றாக அணைந்தது அதனாற்றான். அன்றைக்கு அது கொடுமையாகத் தோன்றினாலும், பற்றரி மறுபடி உயிர்பெற்றதற்கும் அதுவே காரணம். காவற் சுற்று இல்லாத மலிவான பற்றரியை மறந்துபோய் மாதக்கணக்கில் விட்டு, 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதை மீண்டும் மின்னேற்றிப் பார்ப்பது ஆபத்து.

குளிரும் அன்றைய கதையில் ஒரு பாத்திரம். குளிர்ந்த இலிதியம் பற்றரி சோம்பலானது. முதல் அழுத்தத்தில் மறுத்தால் உடனே சோர்ந்துவிடாது, விளக்கை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டால் அந்த மின்னோட்டத்தினாலேயே உள்ளே சூடேறி, அடுத்த அழுத்தத்திற் கிளம்பும். நிறைந்த பற்றரிக்குத்தான் இவ்வைத்தியம் செல்லும். நமது பையனுடையதற்குச் செய்திருந்தால் உள்ளதும் போயிருக்கும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றுவது வேறு விடயம். அப்பொழுது இலிதியம் கரியினுள் நுழையாமல் மேலே உலோகமாகப் படிந்து, அந்த அளவு சேமிப்பு என்றென்றைக்கும் இழக்கப்படும். நம்மூர் வாசகர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. நமக்கு வேண்டிய எச்சரிக்கை வெப்பத்தைப் பற்றியது. புகைக்குழாய்க்கு அண்மையில் இப்பெட்டியை வைக்கலாகாது.

இவ்வளவு தொல்லையும் எதற்காக? நிறைக்காக. எண்டியூரோ இயந்திரத்தில் வைக்கும் ஈயப் பற்றரி ஏறத்தாழ 2 கிலோகிராம். பையன் வாங்கியது அரைக் கிலோகிராம் அளவு. மிச்சம் ஒன்றரைக் கிலோகிராம். நூற்றுச் சொச்சம் கிலோகிராம் நிறையுள்ள இயந்திரத்தைப் பாறையின்மேல் நாள் முழுவதும் தூக்கி நிமிர்த்துகிறவனுக்கு அது பெரிய உபகாரந்தான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான 4 அம்பியர்-மணி உள்ள பற்றரியும் ஒரு கிலோகிராமுக்குள் அடங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறு தண்ணீர்ப் போத்தல். அந்தப் போத்தலைச் சுமக்க மனமில்லாமல் சேமிப்பிற் பாதியை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனமா? நெம்பு இல்லாத இயந்திரமென்றால் மிகச் சிறியதை விட்டு அதற்கு ஒரு படி மேலானதையே வாங்க வேண்டுமென்பது எமது தீர்ப்பு. நெம்பு உள்ள இயந்திரத்துக்குச் சிறியது போதும், கால் இருக்கிறது. தினந்தோறும் சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு ஈயப் பற்றரியே மலிவும் தகுதியும் ஆகும். அதற்கு இலிதியம் பூட்டுவது வீண் ஆடம்பரம்.

இவற்றையெல்லாம் பேசி முடித்தபோது மத்தியானமாகிவிட்டது. பற்றரி இலேசானதென்பதற்காக அதன் கூட்டில் ஆடவிடக் கூடாது, பஞ்சுறைத் துண்டு வைத்து இறுக்கிவிட வேண்டும், நேர்முனையும் மறைமுனையும் பழைய பற்றரியில் இருந்த பக்கத்திலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பனவற்றை அவனே நமக்குச் சொல்லித் தந்தான். நாம் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: வீட்டில் மீற்றர் ஒன்று வாங்கி வைத்துக்கொள், புறப்படுமுன் நீயே பார். “மீற்றர் அடுத்த நாளே வாங்கிட்டன், சித்தப்பா” என்று சிரித்தான்.

அவன் திரும்பிச் சென்று இரண்டு கிழமையின் பின் மற்றொரு படம் வந்தது. புதிய பற்றரி, முன்னையதிலும் சற்றுப் பெரியது. முகப்பில் 12 என்ற பெரிய எண் இருந்திருக்க வேண்டும். அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பேனையினால் 51.2 என்று எழுதியிருந்தான். பக்கத்தில், இன்னும் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி, சிநேகிதன் தன்னுடைய பற்றரியைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியிலுள்ள சிறிய எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.